மேப்புக்குள் மேப், அதற்குள் லிஸ்ட்: அப்பாவின் மீன் கணக்கு நோட்டோடு ஒத்துவரவில்லை

தண்டையார்பேட்டை நிலா:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா காசிமேட்டில் ஏலம் விடுகிற ஒருவரிடம் கணக்கு எழுதுகிறார். மூன்று விசைப்படகுகளின் மீன் அங்கே வருகிறது. விடியற்காலை ஏலம் நடக்க நடக்க நீள நோட்டில் படகு, மீன், எடை, விலை, வாங்கியவர் என்று வரி வரியாக எழுதிக்கொண்டே வருவார், ஐஸ் தண்ணீர் பட்டுப் பாதிப் பக்கம் மை ஊறிப்போயிருக்கும், வீட்டுக்கு வந்து நோட்டை ஃபேனுக்கு அடியில் காயவைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கூட்டுவார். அந்த இரண்டாவது கூட்டலையாவது அவர் தலையிலிருந்து இறக்கிவைக்க வேண்டும் என்று ஜாவா நிரல்மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். படிப்பு முடித்து ஒரு வருடம் ஆகிறது, வேலை தேடிக்கொண்டிருக்கிறேன், ஜாவா ஓரளவு தெரியும். போனில் தட்டுவதால் ஜாவா சொற்களும் தமிழ் எழுத்தில்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேப் என்றால் ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தருவது, லிஸ்ட் என்றால் பட்டியல், ஸ்ட்ரிங் என்றால் எழுத்துத் தொடர். ஹேஷ்மேப் மேப்பில் ஒரு வகை, அரேலிஸ்ட் லிஸ்ட்டில் ஒரு வகை. என் அமைப்பு: தேதி, அதற்குள் படகு, அதற்குள் மீன், அதற்குள் விற்பனைகளின் பட்டியல். இப்படி:

மேப்<லோக்கல்டேட், மேப்<ஸ்ட்ரிங், மேப்<ஸ்ட்ரிங், லிஸ்ட்<விற்பனை>>>> கணக்கு = நியூ ஹேஷ்மேப்<>();

எப்போதும் வருகிற ஐந்து மீன்களுக்கு (வஞ்சிரம், வவ்வால், சங்கரா, இறால், நண்டு) காலி லிஸ்ட் போட்டு 'மாதிரி' என்று ஒரு மேப் முதலிலேயே தயாராக இருக்கிறது. ஒவ்வொரு படகுக்கும் நியூ ஹேஷ்மேப்<>(மாதிரி) என்று அதை நகல் எடுக்கிறேன். அப்புறம் விற்பனையைச் சேர்க்கிற வரி:

கணக்கு.கெட்(தேதி).கெட்(படகு).கெட்ஆர்டிஃபால்ட்(மீன், நியூ அரேலிஸ்ட்<>()).ஆட்(வி);

போன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை மட்டும் ஏற்றிப் பார்த்தேன். நோட்டில் வஞ்சிரம் மொத்தம் 42 கிலோ: முதல் படகு 18, இரண்டாவது படகு 24, மூன்றாவதில் வஞ்சிரமே இல்லை. என் புரோகிராமில் 126 கிலோ வருகிறது. நெத்திலி, காரப்பொடி, கிழங்கான் இந்த மூன்றும் ஒரு வரிகூட இல்லை. பிழை என்று எதுவும் காட்டவில்லை, அமைதியாக ஓடி முடிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் இதைக் காட்டவே இல்லை.

இன்னொன்று கம்பைலே (ஓட்டுவதற்கு முன் நிரலைச் சரிபார்த்து மாற்றுவது) ஆகவில்லை. வாங்கியவர் வாரியாகக் கடன் பாக்கி பார்க்க ஹேஷ்மேப்<ஸ்ட்ரிங், அரேலிஸ்ட்<விற்பனை>> என்று ஒன்று இருக்கிறது. அதை மேப்<ஸ்ட்ரிங், லிஸ்ட்<விற்பனை>> வாங்குகிற மெத்தடுக்குக் கொடுத்தால் வகை பொருந்தவில்லை என்கிறது. அரேலிஸ்ட் என்பது லிஸ்ட்தானே? யாராவது சொல்லுங்கள்.


மின்ட் மணிக்கூண்டு:

நிலா தங்கச்சி, நீ கொடுத்த எண்ணிலேயே விடை இருக்கிறது. 42 மூன்று தடவை போனால் 126. படகும் மூன்று. அதாவது ஒவ்வொரு படகின் கணக்கிலும் எல்லாப் படகு வஞ்சிரமும் உட்கார்ந்திருக்கிறது.

நியூ ஹேஷ்மேப்<>(மாதிரி) என்றால் மேப் புதிதுதான், ஆனால் அதற்குள் இருக்கிற லிஸ்ட்டுகள் புதிது இல்லை. மேல் அடுக்கை மட்டும்தான் அது நகல் எடுக்கும், உள்ளே இருப்பது அதே பழைய லிஸ்ட்டைக் காட்டுகிற சுட்டி. மூன்று படகுக்கும் மூன்று தனி நோட்டு வாங்கி அட்டையில் பேரும் எழுதிவிட்டு, உள்ளே மூன்றிலும் "வஞ்சிரக் கணக்கு அலமாரியில் இருக்கிற சிவப்பு நோட்டில்" என்று எழுதிவைத்தது மாதிரி. யார் எழுதினாலும் அந்த ஒரே சிவப்பு நோட்டில்தான் விழும், யார் திறந்தாலும் அதைத்தான் படிப்பார்கள். நல்லவேளை ஒரு நாளோடு நிறுத்தினாய். இரண்டாவது நாளையும் ஏற்றியிருந்தால் மூன்று மடங்கு ஆறு மடங்காகியிருக்கும். கலெக்‌ஷன்ஸ்.என்காப்பீஸ்(3, நியூ அரேலிஸ்ட்<>()) என்று எழுதினாலும் இதே கதைதான், மூன்று இடத்திலும் ஒரே லிஸ்ட்.

அடுத்து காணாமல் போன நெத்திலி. கெட்ஆர்டிஃபால்ட் சாவி இல்லாவிட்டால் நீ கொடுத்த காலி லிஸ்ட்டைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அதை மேப்புக்குள் வைக்காது. நீ அந்த லிஸ்ட்டில் ஆட் செய்கிறாய், விற்பனை அதற்குள் போகிறது, வரி முடிந்ததும் அந்த லிஸ்ட்டைப் பிடித்திருக்க யாரும் இல்லை, குப்பைக்குப் போய்விடுகிறது. ஐந்து மீன் மாதிரியில் இருந்ததால் தப்பித்தது, மாதிரியில் இல்லாத மூன்றும் போய்விட்டது. படிப்பதற்கு மட்டும் கெட்ஆர்டிஃபால்ட். சேர்ப்பதற்கு ஜாவா 8 முதல், அதாவது 2014 முதல், இது இருக்கிறது:

கணக்கு.கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட்(தேதி, க -> நியூ ஹேஷ்மேப்<>())
 .கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட்(படகு, க -> நியூ ஹேஷ்மேப்<>())
 .கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட்(மீன், க -> நியூ அரேலிஸ்ட்<>())
 .ஆட்(வி);

சாவி இருந்தால் உள்ளே இருப்பதைத் தரும். இல்லாவிட்டால் புதிதாக உண்டாக்கி, மேப்பில் வைத்து, வைத்ததையே கையில் தரும். 'மாதிரி' மேப்பைத் தூக்கிப் போட்டுவிடு, இனி அது தேவையே இல்லை. எந்த மீன் வருகிறதோ அதற்கு அப்போதே தனி லிஸ்ட் பிறக்கும்.

இரண்டு எச்சரிக்கை. புட்இஃப்ஆப்சென்ட் பேரில் இதன் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் அது பழைய மதிப்பைத் தருவது, முதல் தடவை பழையது எதுவும் இல்லாததால் நல் (ஒன்றும் இல்லை என்கிற மதிப்பு) வரும், அதன் மேல் ஆட் என்று தொடர்ந்தால் நல் பாயிண்டர் எக்செப்ஷன் என்ற பிழையோடு நிற்கும். இன்னொன்று, இணையத்தில் சிலர் க -> நியூ அரேலிஸ்ட்<>() என்பதற்குப் பதிலாகச் சுருக்கமாக அரேலிஸ்ட்::நியூ என்று எழுதுவார்கள். சாவி ஸ்ட்ரிங்காக இருந்தால் கம்பைல் ஆகாது, தப்பித்தோம். சாவி இன்டீஜராக (முழு எண்ணாக) இருந்தால் கம்பைல் ஆகிவிடும், ஆனால் அந்தச் சாவி எண்ணை லிஸ்ட்டின் ஆரம்பக் கொள்ளளவாக எடுத்துக்கொள்ளும். பில் எண் 250000 என்றால் இரண்டரை லட்சம் இடம் ஒதுக்கி ஒரு காலி லிஸ்ட். ஒருமுறை வேலையில் ஒரு சர்வர் மெமரி இல்லாமல் விழுந்துகொண்டே இருந்தது, இரண்டு நாள் தேடி இதைக் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து லாம்டாவை (அந்த அம்புக்குறி வடிவத்தை) நீட்டியே எழுதுகிறேன்.


பெரம்பூர் லோகோ:

மணிக்கூண்டு தம்பி சொன்னது இரண்டும் சரி. கம்பைல் ஆகாததைப் பற்றி நான் சொல்கிறேன்மா.

அரேலிஸ்ட் ஒரு லிஸ்ட்தான். ஆனால் அரேலிஸ்ட் வைக்கிற மேப், லிஸ்ட் வைக்கிற மேப் ஆகாது. உங்கள் இடத்திலிருந்தே பார். வஞ்சிரத்துக்கு என்றே ஒதுக்கிய ஒரு ஐஸ் பெட்டி இருக்கிறது. அதை இன்னொருவரிடம் கொடுக்கும்போது "இது மீன் பெட்டி" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் அவர் அதில் ஒரு கை நெத்திலியையும் போடுவார், அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, மீன் பெட்டி என்றுதானே கொடுத்தாய். பிறகு வஞ்சிரம் மட்டும்தான் இருக்கும் என்று நம்பி அப்படியே எடை போட்டு விற்கிறவர் மாட்டிக்கொள்வார். அதனால்தான் கம்பைலர் கை மாறும் இடத்திலேயே நிறுத்துகிறது. உன் மெத்தட் லிஸ்ட் வைக்கிற மேப் கேட்கிறது, அந்த உரிமையில் அது ஒரு லிங்க்ட்லிஸ்ட்டை (லிஸ்ட்டில் இன்னொரு வகை) உள்ளே வைத்துவிட்டால், வெளியே அரேலிஸ்ட் என்று நம்பி எடுக்கிற உன் வரி உடையும்.

உன் மெத்தட் படிக்க மட்டும் செய்கிறது என்றால் அது வாங்குகிற வகையை இப்படி மாற்று:

மேப்<ஸ்ட்ரிங், ? எக்ஸ்டென்ட்ஸ் லிஸ்ட்<விற்பனை>>

"ஏதோ ஒரு வகை லிஸ்ட், எது என்று எனக்குத் தெரிய வேண்டாம்" என்று பொருள். இப்போது உன் ஹேஷ்மேப் உள்ளே போகும். அந்த மேப்பில் புது லிஸ்ட் எதையும் வைக்க முடியாது. ஆனால் பலர் தவறாக நினைப்பது ஒன்று இருக்கிறது: உள்ளே ஏற்கெனவே இருக்கிற லிஸ்ட்டை எடுத்து அதில் ஒரு விற்பனையைச் சேர்ப்பது இப்போதும் முடியும். கேள்விக்குறி எந்த அடுக்கில் நிற்கிறதோ அந்த அடுக்கை மட்டும்தான் பூட்டும். அடுக்கடுக்காக எழுதும்போது குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது, எந்த அடுக்கைப் பற்றிப் பேசுகிறோம் என்று விரலை வைத்துப் படிக்க வேண்டும்.

இதைவிட எளிய வழி: மாறிகளை அறிவிக்கும்போதே எல்லா அடுக்கிலும் மேப், லிஸ்ட் என்றே எழுது. ஹேஷ்மேப்பும் அரேலிஸ்ட்டும் நியூவுக்குப் பின்னால் மட்டும் வரட்டும். கேள்விக்குறியே தேவைப்படாது.

நான் ஜாவா 1.4 காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். அப்போது ஜெனரிக்ஸ் (கோணக்குறிக்குள் உள்ளே இருப்பதன் வகையைச் சொல்கிற வசதி) கிடையாது. லிஸ்ட் என்றால் லிஸ்ட், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியவருக்கு மட்டும் தெரியும், எடுக்கும்போது அடைப்புக்குறிக்குள் வகையைப் போட்டு காஸ்ட் செய்வோம், தப்பாகப் போனால் ஓடும்போதுதான் கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் வெடிக்கும், அதுவும் இரவு பேட்ச் ஓடும்போது. மேப்புக்குள் மேப் இருந்த ஒரு சம்பளப் புரோகிராமில் மூன்றாவது அடுக்கில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டியிருந்தோம். 2004இல் ஜாவா 5 வந்தது, அந்தத் தாளில் இருந்தது அப்படியே நிரலுக்குள் ஏறியது. ஓடர்ஸ்கி, வாட்லர், பிராக்கா, ஸ்டவுட்டமயர் என்ற நாலு ஆய்வாளர்கள் 1998லேயே ஜாவாவுக்கு இதை வடிவமைத்துக் காட்டியிருந்தார்கள். பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பதற்காகக் கம்பைல் ஆன பிறகு வகைத் தகவலை அழித்துவிடுகிற முறையை எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் ஓடும்போது ஒரு லிஸ்ட்டைப் பார்த்து "நீ விற்பனை லிஸ்ட்டா, ஸ்ட்ரிங் லிஸ்ட்டா" என்று கேட்க முடியாது. கம்பைலர் அன்செக்டு (வகையைச் சரிபார்க்க முடியவில்லை) என்று எச்சரித்தால் அடக்கிவிட்டுப் போகாதே, நின்று படி. முழுக் காவலும் கம்பைல் நேரத்தில்தான்.


தண்டையார்பேட்டை நிலா:

அண்ணா, ஐயா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாதிரி மேப்பை எடுத்துவிட்டேன், கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட் போட்டேன். வஞ்சிரம் 42! 18ம் 24ம் அந்தந்தப் படகில். நெத்திலி, கிழங்கான் வந்துவிட்டன. கடன் பாக்கி மெத்தடும் கம்பைல் ஆகிறது.

ஆனால் காரப்பொடி இரண்டு தடவை வருகிறது. இரண்டாவது படகுக்குக் கீழே "காரப்பொடி 7 கூடை", அதற்குக் கீழேயே இன்னொரு வரி "காரப்பொடி 4 கூடை". நோட்டில் 11. ஒரே மேப்பில் ஒரே சாவி இரண்டு தடவை எப்படி இருக்க முடியும்? முன்னும் பின்னும் இடைவெளி இருக்குமோ என்று ஸ்ட்ரிப் போட்டுப் பார்த்தேன், மாற்றம் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை, பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு புள்ளிகூட வித்தியாசம் தெரியவில்லை. நோட்டைப் பார்த்து ஃபைலில் ஏற்றியது பாதி நான், பாதி தம்பி.


வியாசர்பாடி அக்கா:

நிலா, இரண்டு சாவியின் லெங்த்தையும் அச்சடித்துப் பார். ஒன்று 9, இன்னொன்று 10 என்று வரும் என்று நினைக்கிறேன்.

"பொ" எழுத்தில்தான் விஷயம். யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், முன்னால் வருகிற ஒற்றைக் கொம்பு ஒன்று, பின்னால் வருகிற கால் ஒன்று என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடுகிற ஈக்வல்ஸுக்கு வேறு வேறு, மேப் சாவியைத் தேடப் பயன்படுத்துகிற ஹேஷ்கோடும் வேறு. அதனால் மேப்புக்கு அவை இரண்டு மீன். நீயும் தம்பியும் வேறு வேறு விசைப்பலகையில் தட்டியிருப்பீர்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வருகிற எந்தச் சொல்லிலும் இது நடக்கும், நாளைக்குக் கோலா மீன் வந்தால் அதுவும் இரண்டாகும். நெத்திலியிலும் வஞ்சிரத்திலும் அந்தக் குறி இல்லாததால்தான் அவை ஒழுங்காக வந்தன.

ஜாவா 6 முதலே நார்மலைசர் இருக்கிறது, ஜாவா.டெக்ஸ்ட் தொகுப்பில். இப்படி இரண்டு விதமாக வந்த எழுத்தை ஒரே வடிவமாக்கித் தரும். ஃபைலிலிருந்து வரி படிக்கிற ஒரே இடத்தில் நார்மலைசர்.நார்மலைஸ்(மீன், நார்மலைசர்.ஃபார்ம்.என்எஃப்சி) என்று போடு, படகுப் பேருக்கும் வாங்கியவர் பேருக்கும் சேர்த்தே. கூட்டுகிற இடத்தில் போடாதே, ஒரு இடம் விட்டுப்போகும். நீ தமிழில் மாறிப் பேர் வைத்திருக்கிறாய், ஜாவா அதை அனுமதிக்கும், எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் நிரலில் இருக்கிற பேர்களை ஜாவா தானாக நார்மலைஸ் செய்யாது. தம்பியும் சேர்ந்து நிரல் எழுதினால் இருவரும் ஒரே விசைப்பலகை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண் முன்னால் இருக்கிற மாறியையே "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று கம்பைலர் சொல்லும்.

அப்புறம் ஒரு யோசனை. நாலு கோணக்குறி மூடுகிற வகையைப் பார்த்தாலே எனக்கு, இது உண்மையில் மேப்புக்குள் மேப்பா, அல்லது ஒரு வரிசை விற்பனைதானா என்று கேட்கத் தோன்றும். அப்பா நோட்டில் என்ன செய்கிறார்? அடுக்கடுக்காகவா எழுதுகிறார்? வரி வரியாக எழுதுகிறார், ஒவ்வொரு வரியிலும் எல்லா விவரமும் இருக்கிறது, வேண்டும்போது படகுவாரியாகவோ மீன்வாரியாகவோ பிரித்துக் கூட்டுகிறார். நிரலும் அப்படியே இருக்கலாம். 2021இல் ஜாவா 16உடன் ரெக்கார்ட் (ஒரு வரியின் விவரங்களைச் சேர்த்து வைக்கிற எளிய வகை) முழுமையாக வந்துவிட்டது:

ரெக்கார்ட் விற்பனை(லோக்கல்டேட் தேதி, ஸ்ட்ரிங் படகு, ஸ்ட்ரிங் மீன், லாங் கிராம், லாங் பைசா, ஸ்ட்ரிங் வாங்கியவர்) {}

ஒரே ஒரு லிஸ்ட்<விற்பனை>. படகுவாரி, மீன்வாரி எடை வேண்டுமா:

விற்பனைகள்.ஸ்ட்ரீம்().கலெக்ட்(
 குரூப்பிங்பை(விற்பனை::படகு,
 குரூப்பிங்பை(விற்பனை::மீன்,
 சம்மிங்லாங்(விற்பனை::கிராம்))));

மேப்<ஸ்ட்ரிங், மேப்<ஸ்ட்ரிங், லாங்>> கிடைக்கும். வாங்கியவர்வாரி வேண்டுமானால் முதல் குரூப்பிங்பை வரியில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். உன் பழைய அமைப்பில் மீன் கடைசி அடுக்கில் இருப்பதால் "இந்த மாதம் மொத்த இறால் எவ்வளவு" என்று கேட்டால் மூன்று ஃபார் சுற்றில் இறங்கி ஏற வேண்டும். எடையைக் கிராமிலும் காசைப் பைசாவிலும் முழு எண்ணாக வைத்திருக்கிறேன், டபுளில் (தசம எண் வகை) வைத்தால் கூட்டலில் கடைசி இலக்கம் நழுவும், காசுக் கணக்கில் அது கூடாது. கூடைக்கு விற்கிற பொடி மீனையும் கிலோவுக்கு விற்கிறதையும் ஒரே எண்ணில் கூட்டிவிடாதே, அலகுக்கு ஒரு தனிப் புலம் வை.


பெரம்பூர் லோகோ:

அக்கா சொன்ன தட்டை லிஸ்ட் இந்த அளவு கணக்குக்கு நல்ல வழி, நானும் ஒப்புக்கொள்கிறேன். அடுக்கு மேப்பே கூடாது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதேம்மா. தேதி அடுக்கு மட்டும் இருந்தால் ஒரு வசதி உண்டு. குரூப்பிங்பைக்குள் இரண்டாவதாக ட்ரீமேப்::நியூ என்று கொடுத்தால் தேதிகள் வரிசையாக நிற்கும். ஹேஷ்மேப்பில் எந்த வரிசைக்கும் உத்தரவாதம் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. உங்கள் மூன்று படகுக்கும் அந்த நாள்களில் சாவியே இருக்காது. ஜூன் முதல் தேதிக்கு கெட் போட்டால் நல் வரும். ஃப்ளோர்என்ட்ரி போட்டால் அதற்கு முன்னால் கடைசியாக ஏலம் நடந்த நாளின் கணக்கு நேராகக் கைக்கு வரும். சப்மேப் போட்டால் இரண்டு தேதிகளுக்கு நடுவே உள்ளது மட்டும். மாறியை மேப் என்று அறிவிக்காமல் நேவிகபிள்மேப் என்றோ ட்ரீமேப் என்றோ அறிவித்தால்தான் ஃப்ளோர்என்ட்ரி தெரியும்.

எந்த அமைப்பு வைத்தாலும் அந்த நீள வகையை 'மீன்கணக்கு' என்று ஒரு கிளாஸுக்குள் அடைத்துவிடு. வெளியே சேர், கூட்டு, கடைசிநாள் என்று மூன்று மெத்தட் மட்டும் தெரியட்டும். உள்ளே இருக்கிற லிஸ்ட்டை அப்படியே வெளியே கொடுக்காதே, லிஸ்ட்.காப்பிஆஃப் போட்டுக் கொடு. விற்பனை ரெக்கார்டில் எதையும் மாற்ற முடியாது என்பதால் அந்த மேல் நகலே போதும், மாதிரி மேப்பில் பட்ட பாடு இங்கே வராது.


தண்டையார்பேட்டை நிலா:

அக்கா, 9ம் 10ம்தான்! லெங்த் அச்சடித்ததும் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் விசைப்பலகையில் கொம்பு தனியாக, கால் தனியாகத் தட்டுகிறான். நார்மலைசரை ஃபைல் படிக்கிற இடத்தில் போட்டதும் காரப்பொடி 11 கூடை, ஒரே வரி. வாங்கியவர் பட்டியலிலும் ஒருவர் இரண்டு பேராக இருந்திருக்கிறார், அவருடைய பாக்கியும் இப்போது ஒன்றாகச் சேர்ந்துவிட்டது.

ரெக்கார்டுக்கு மாற்றி எழுதிவிட்டேன். பழைய நிரலில் பாதிதான் இருக்கிறது. மூன்று வாரக் கணக்கை ஏற்றி நேற்று ராத்திரி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் திரையைப் பார்க்காமல் நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகத் தொகையைக் கேட்டார், நான் படித்தேன், இருபது நாளும் ஒத்துப்போனது. ஒரு நாள் மட்டும் 350 ரூபாய் வித்தியாசம். மறுபடி கூட்டிப் பார்த்தார், ஐஸ் தண்ணீரில் ஊறிய ஒரு வரியை நோட்டில் அவர் விட்டிருந்தார், நான் ஃபைலில் ஏற்றும்போது அதைப் படித்து ஏற்றியிருந்தேன். பேனாவை எடுத்து நோட்டில் திருத்தினார்.

இப்போது போன வருடத் தடைக்காலத்துக்கு முந்தைய கடைசி நாள் என்ன விலை போனது என்று கேட்கிறார். பழைய நோட்டு பரணில் இருக்கிறது, இந்த ஞாயிறு ஏலம் முடிந்து அவர் வந்ததும் எடுத்து ஏற்றப் போகிறோம். ஃப்ளோர்என்ட்ரி எழுதி வைத்துவிட்டேன் ஐயா.